சுழியோடப் படித்த பிள்ளை



கடலை அண்டிய நமது ஊர்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் ஒரு செய்தி, "மகன் டைவிங் படிச்சு முடிச்சிட்டான்" என்பது. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா என்று கிழக்குக் கரை நெடுகிலும் உல்லாசப் பிரயாணிகள் வரத் தொடங்கினார்கள். அவர்களைக் கடலுக்குள் அழைத்துச் சென்று பவளப் பாறைகளைக் காட்டும் நிலையங்களும் கூடவே வந்தன. அங்கே வெளிநாட்டார் மட்டும் படிப்பதில்லை. நமது பிள்ளைகளும் படிக்கிறார்கள். சிலர் வழிகாட்டி வேலைக்காக, சிலர் சங்குக்கும் கடலட்டைக்கும் போவதற்காக, இன்னும் சிலர் கூட்டாளிமார் போகிறார்கள் என்பதற்காக. நாலைந்து நாட்களில் படத்தோடு ஓர் அட்டை கிடைக்கிறது. இப்போதெல்லாம் அது கைத்தொலைபேசிக்குள்ளேயே வந்துவிடுகிறது. உம்மாவும் அக்கம்பக்கத்தவர்களுக்குக் காட்டிச் சந்தோஷப்படுகிறார்.

அந்த அட்டைக்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் சுழியோடியல்ல. அரபும் தஜ்வீதும் சொல்லிக் கொடுப்பவன். கொட்டியாரக் குடாவில் நீந்தி வளர்ந்தவன் என்பதைத் தவிரக் கடலோடு எனக்கு வேறு உறவில்லை. ஆனால் என் ராத்தாவின் மகன், இருபது வயதுப் பிள்ளை, சென்ற வருடம் இந்தப் படிப்பை முடித்தான். முடித்து ஒரு கிழமை போகவில்லை. கடலட்டைக்குப் போகும் ஒரு படகுக்காரர் வீடு தேடி வந்தார். இருபது மீற்றருக்கு மேற்பட்ட ஆழம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை இறங்க வேண்டும், எடுக்கும் அட்டைக்குக் கணக்குப் பார்த்துப் பணம். அவர் சொன்ன தொகை, கட்டாரிலிருந்து வேலையிழந்து வந்து ஒன்றரை வருடமாக வீட்டிலிருக்கும் மச்சானுக்கும் ராத்தாவுக்கும் சிறிய தொகையல்ல. அவனுக்குக் கீழே இரண்டு குமர்கள் இருக்கிறார்கள். மூத்தவளுக்கென்று தொடங்கிய வீடு லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. (குமருக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம் என்ற நம் பகுதி வழக்கத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் இது வேறு கட்டுரையாகிவிடும். எத்தனை ஆண்பிள்ளைகள் இந்த வீடுகளுக்காகத் தங்கள் உடம்பைக் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.)

ராத்தா என்னிடம் வந்து, "தம்பி, புள்ள கடலுக்குப் போகப் போறான். ஓதித் தண்ணி ஊதித் தா" என்றார். துஆவை மறுக்க நான் யார்? துஆச் செய்தேன். பிறகு, "அவனை இஷாவுக்குப் பிறகு என்னிடம் அனுப்புங்கள், கொப்பியும் பேனையும் கொண்டு வரட்டும்" என்றேன்.

அவனிடம் கேட்டறிந்ததையும் அவனுடைய பாடப் புத்தகத்தைப் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன். ஆரம்பநிலைச் சுழியோடிக்கான படிப்பு பெரும்பாலும் மூன்று நான்கு நாட்களில் முடிந்துவிடும். முதலில் பாடம், பிறகு நீச்சல் தடாகத்திலோ அமைதியான கரையோரத்திலோ பயிற்சி, அதன்பின் கடலில் நான்கு இறக்கம். 200 மீற்றர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதந்து நிற்க வேண்டும். தேறியவர் 18 மீற்றர் வரை, அதுவும் ஒரு துணையோடு இறங்கலாம். படகுக்காரர் சொன்ன ஆழம் அந்த எல்லைக்கு வெளியே என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே அவன் வாயால் சொல்ல வைத்துவிட்டேன்.

இந்தப் படிப்பில் குறையொன்றும் இல்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியதெல்லாம் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. மாணவன் ஒரு காரியத்தைச் செய்து காட்டுகிறான், ஆசிரியர் சரி போடுகிறார், அடுத்த காரியத்துக்குப் போகிறார்கள். ஒரு குழுவில் நாலைந்து பேர் இருந்தால் ஒருவனுக்கு ஒரு காரியத்தில் சில நிமிடங்களே கிடைக்கும். நடுக்கத்தோடு ஒரு தடவை செய்து முடித்தாலும் சரிதான், ஆறுதலாக மூன்று தடவை செய்து முடித்தாலும் சரிதான். கொப்பியில் விழும் அடையாளம் ஒன்றுதான்.

ஹிப்ழு மத்ரஸாவில் பிள்ளைகளைக் கேட்டுப் பழகிய எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. ஒரு ஜுஸ்வைப் பாடம் கொடுத்த அன்று பிள்ளை தடையில்லாமல் ஓதுவான். பத்து நாள் கழித்து நடுப்பக்கத்திலிருந்து ஒரு ஆயத்தை எடுத்துக் கொடுத்தால் விழி பிதுங்கி நிற்பான். அவன் படிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. படித்தான், ஆனால் நாவில் உட்காரவில்லை. அதனால்தான் நல்ல உஸ்தாதுமார் புதுப் பாடத்தைவிடப் பழைய பாடத்துக்கு அதிக நேரம் ஒதுக்குகிறார்கள். மத்ரஸாவில் தடுமாறினால் உஸ்தாத் எடுத்துக் கொடுப்பார். இருபது மீற்றர் ஆழத்தில் எடுத்துக் கொடுப்பதற்கு யாரும் இல்லை.

ஆகவே மருமகனையும் நடுப்பக்கத்திலிருந்து கேட்டேன். படித்த காரியங்களை ஒவ்வொரு வரியாக எழுதச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுத வேண்டும்: எந்நேரமும் ஏலும், ஒரு தடவை செய்தேன், நினைத்தாலே நெஞ்சு அடிக்கிறது. முதலில் எல்லாவற்றுக்கும் "ஏலும்" என்றே எழுதினான். பேசாமல் இருந்தேன். தேநீர் வந்தது, குடித்தோம். பிறகு அவனாகவே பேனையை எடுத்து ஒரு வரியை வெட்டினான். "மாமா, மாஸ்க்க முழுசாக் கழட்டிட்டுத் திரும்பப் போடுறது... அது கொஞ்சம் ஏலா" என்றான். அந்த ஒன்று வந்ததும் மற்றவையும் வந்தன. கடைசியில் ஆறு வரிகள் மிஞ்சின.

தொழுகையைச் சரியாகத் தொழாத மனிதரைப் பற்றிய ஹதீஸை நீங்கள் கேட்டிருப்பீர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அவர் பள்ளிக்குள் வந்து தொழுகிறார், நபியவர்களுக்கு (ஸல்) ஸலாம் சொல்கிறார், திரும்பிப் போய்த் தொழும்படி அனுப்பப்படுகிறார். இப்படி மூன்று தடவை. மூன்றாம் தடவை அவர், இதைவிட நன்றாகத் தனக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்கிறார். அதன்பின் நபியவர்கள் (ஸல்) ஒவ்வொரு நிலையிலும் ஆறுதலாக நிற்கும் விதத்தைக் கற்றுக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் நாம் இந்த ஹதீஸைத் தொழுகையின் ருக்னுகளுக்கு ஆதாரமாக மட்டும் படிக்கிறோம். அந்த மனிதர் சபையில் வெட்கப்படாமல் "தெரியாது" என்று சொன்னாரே, அதை நான் என் மாணவர்களுக்குத் தனியாகச் சொல்வதுண்டு. மருமகனுக்கும் சொன்னேன்.

இனி அந்த ஆறு வரிகளுக்கு வருவோம். தாய்மார்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதீர்கள். பிள்ளையிடம் எதைக் கேட்பது என்று தெரிந்தால்தான் கேட்க முடியும்.

முதலாவது மாஸ்க். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி அது. அதற்குள் நீர் புகுந்தால் மேல் விளிம்பைக் கையால் அழுத்தி, அண்ணாந்து, மூக்கால் காற்றை விட வேண்டும். காற்று நீரைக் கீழால் தள்ளிவிடும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் மூக்கில் நீர் பட்டதும் மனிதனுக்கு வரும் திடுக்கம் இருக்கிறதே, அதுதான் விஷயம். வாயில் ரெகுலேட்டர் இருக்கிறது, அதன் வழியாகத் தாராளமாக மூச்சு விடலாம். மூளைக்கு அது தெரியும், மூக்குக்குத் தெரியாது. திடுக்கிட்டவன் மூச்சை அடக்கிக் கொண்டு மேலே பாய்வான். பெரிய விபத்துகள் இப்படிச் சின்ன விஷயத்தில்தான் தொடங்குகின்றன.

இதற்கு முதற்பயிற்சியை அவன் வீட்டில்தான் செய்தான். உடுப்பு ஊறவைக்கும் பேசினில் நீர் நிரப்பி, ஸ்நோர்க்கல் குழாயை வாயில் வைத்து, மாஸ்க் இல்லாமல் முகத்தை நீரில் அமிழ்த்தி, வாயால் மட்டும் மூச்சு விடுவது. முதல் நாள் ஐந்து மூச்சு கூட வரவில்லை. "ஐவேளையும் வுழூவில் மூக்குக்குத் தண்ணீர் செலுத்துகிறாயே, அந்தத் தண்ணீர்தானே இது" என்று சொன்னேன். சிரித்தான், ஆனால் அதற்குப் பிறகு கொஞ்சம் இலேசாகியது. ஒரு கிழமையில் மூன்று நிமிடம் இருந்தான். மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்கெடுத்தது ராத்தா. அந்த நாட்களில் அவர் என்னோடு பேசுவதில்லை. அதை இனிச் சொல்வேன். பேசினுக்குப் பிறகு இடுப்பளவு கடலில் முழங்காலிட்டு, மாஸ்க்குக்குள் கொஞ்சம் நீர் விட்டு வெளியேற்றுவது, பாதியளவு, முழுவதும், பிறகு கழற்றி ஒரு நிமிடம் அப்படியே இருந்து போடுவது. ஒரே நாளில் அல்ல. ஒன்று அலுத்துப் போகுமளவுக்குப் பழகிய பிறகுதான் அடுத்தது.

இரண்டாவது, மூச்சை அடக்குவது. நமது கரையோரப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய ஆபத்து என்று பயிற்சி ஆசிரியரே என்னிடம் சொன்னார். மன்னாரில் முத்துக் குளித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1905 இல் மரிச்சிக்கட்டியில் நடந்த பெரிய முத்துக்குளிப்பில் அரபு நாட்டுச் சுழியோடிகளும் கீழக்கரை போன்ற ஊர்களின் முஸ்லிம்களும் இறங்கினார்கள். அவர்கள் மேலே இழுத்த மூச்சை அடக்கிக் கொண்டு போய், அதே மூச்சோடு திரும்பி வந்தார்கள். எவ்வளவு அடக்குகிறாரோ அவ்வளவு கெட்டிக்காரர். நம் பிள்ளைகளும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் விளையாடுகிறார்கள். சிலிண்டரோடு இறங்குவது இதற்கு நேர்மாறு. பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அடக்கிக் கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்கு பெரிதாகும். நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழி இரத்தத்தோடு மூளைக்குப் போகும். நெஞ்சு நிறையக் காற்றிருந்தால் இரண்டு மீற்றரிலிருந்து வந்தாலும் இது நடக்கலாம்.

பதினைந்து வருடப் பழக்கத்தை நான்கு நாள் பாடம் எப்படி அழிக்கும்? பதறும் நேரத்தில் பழைய பழக்கம்தான் முந்திக்கொண்டு வரும். ஆகவே வாயிலிருந்து ரெகுலேட்டர் கழன்றால், அதைத் தேடும் நேரம் முழுவதும் "ஆ" என்ற சத்தத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டுக் கொண்டே இருக்க வேண்டும் என்பது பயிற்சி. இதை மட்டும் நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று பெருமையாகச் சொல்வேன். மத்து நீட்டுவது போலத்தான். காற்றை ஒரேயடியாகக் கொட்டாமல், நெஞ்சிலிருந்து சீராக விட்டு அலிபை நீட்டிப் பழகியவனுக்கு அது ஒரு நாளில் வந்துவிட்டது.

மூன்றாவது, நீருக்குள் ஓரிடத்தில் மிதந்து நிற்பது. இடுப்பில் ஈயக்கட்டி பெல்ட், உடம்பில் காற்றடிக்கும் ஜாக்கெட். இரண்டையும் சமப்படுத்தி மேலும் போகாமல் கீழும் போகாமல் நிற்க வேண்டும். படிக்கும் போது மாணவன் அடியில் அசையாமல் இருக்க வேண்டுமென்று கொஞ்சம் அதிக ஈயம் கட்டுவதுண்டு. அதே அளவைப் பிறகும் கட்டிக் கொண்டு போகிறார்கள். பாரம் அதிகமென்றால் ஜாக்கெட்டில் காற்று அதிகம் அடிக்க வேண்டும், காற்று அதிகமென்றால் மேலெழும்பும் போது அது விரிந்து ஆளைத் தூக்கிக் கொண்டு போகும். ஜாக்கெட்டில் காற்றில்லாமல், சாதாரண மூச்சோடு நீரில் நிமிர்ந்து நின்றால் நீர் மட்டம் கண்ணளவில் வர வேண்டும், மூச்சை விட்டால் தாழ வேண்டும். இப்படிப் பார்த்த போது அவனுக்கு இரண்டு கிலோ அதிகமென்று தெரிந்தது. அதைக் கழற்றியதும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. மீதிப் பாதி மூச்சில் இருந்தது. மூச்சு இழுத்தால் உடம்பு கொஞ்சம் உயரும், விட்டால் தாழும். நங்கூரக் கயிற்றில் ஒரு முடிச்சைப் பார்த்துக் கொண்டு அதே மட்டத்தில் நிற்பதை நான்கு மீற்றரில் எத்தனையோ தடவை செய்தான். இது நன்றாக வராதவன்தான் பவளப் பாறையில் காலை ஊன்றி உடைக்கிறான். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே பாறையை மிதிப்பது பாவமும் குற்றமும் என்று அவனிடம் சொன்னேன்.

நான்காவது காற்றுமானி. சமையலறையில் காஸ் முடிகிறதா என்று சிலிண்டரை அசைத்துப் பார்க்கிறோம். கடலுக்கடியில் அசைத்துப் பார்க்க முடியாது, மானியைத்தான் பார்க்க வேண்டும். 12 லீற்றர் சிலிண்டரை 200 வரை நிரப்பினால் 2400 லீற்றர் காற்று. நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்சு விடுபவருக்கு மேலே அது இரண்டு மணித்தியாலம் வரும். 20 மீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று செலவாகும். 50 ஐ மேலே வருவதற்கென்று ஒதுக்கி வைத்தால் மிஞ்சுவது அரை மணித்தியாலம். புதியவர் பதற்றத்தில் வேகமாக மூச்சு விடுவதால் அதுவும் குறையும். மானியைப் பார்க்கும் முன் "இப்போது எவ்வளவு இருக்கும்" என்று மனதில் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் பார்ப்பது அவன் செய்த பயிற்சி. தொடக்கத்தில் 110 என்று நினைத்துப் பார்த்தால் 70 நிற்கும். இப்போது பத்துக்குள் சரியாகச் சொல்கிறான். காற்று மிச்சம் பிடிப்பதற்காக மூச்சைத் தாமதிக்கும் ஒரு கெட்ட பழக்கமும் சிலரிடம் உண்டு. அது கூடாது.

ஐந்தாவது, துணைவரின் காற்றைப் பகிர்ந்து கொண்டு இருவருமாக மேலே வருவது. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துணை இல்லாமல் பழக முடியாது, துணை இல்லாமல் இறங்கவும் கூடாது. ஆறாவது, திசைகாட்டியைப் பார்த்துப் போன வழியே திரும்புவது.

காதைப் பற்றி அவன் எழுதவில்லை, ஆனால் தாய்மாருக்கு அது முக்கியம். இறங்கும் போது மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைச் சமப்படுத்துவார்கள். தடிமன் பிடித்திருந்தால் அது நடக்காது. "மாத்திரை ஒன்றைப் போட்டுக் கொண்டு போ மகனே" என்று நீங்கள் கொடுத்தனுப்பும் தடிமன் மாத்திரை, அவன் கீழே இருக்கும் போது வேகம் குறைந்தால், மேலே வரும் போது காதுக்குள் காற்று அடைபட்டு நிற்கும். தடிமன் என்றால் அன்றைக்குக் கடல் இல்லை. வலியோடு இறங்குவது வீரமல்ல, செவிப்பறை கிழிவதற்கான வழி.

இவ்வளவையும் யாரிடம் பழகுவது? "திரும்பவும் அங்க போய் எனக்குத் தெரியாதுன்னு சொல்றதா? பெயிலானவன்னு நினைப்பாங்க" என்று அவன் தயங்கினான். நானும் கூடப் போனேன். அந்த ஆசிரியர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "திரும்பி வாற ஆக்கள்தான் குறைவு மௌலவி. படமெடுத்துக் கொண்டு போறவங்கதான் கூட." பல மாதங்கள் இறங்காமல் இருந்தவர்களுக்கு மீட்டல் பயிற்சி என்றே தனியாக ஒன்று இருப்பதையும் அவர்தான் சொன்னார். காலையில் புதியவர்களோடு ஆழமில்லாத இடத்தில் இவனும் நிற்கலாம், சிலிண்டருக்குக் காற்றடிக்கும் செலவு மட்டும் தந்தால் போதும், அதற்குப் பதிலாகச் சாமான் கழுவிச் சிலிண்டர் தூக்க வேண்டும் என்று பேசி முடித்தோம்.

படகுக்காரருக்கு இந்தப் பருவம் முடியும் வரை பொறுக்கச் சொல்லி அனுப்பினோம். கிழக்கில் கடல் அமைதியாக இருப்பது ஏப்ரல் முதல் செப்தெம்பர் வரைதான். அவர் ஏன் பொறுப்பார்? பக்கத்துத் தெருப் பிள்ளை ஒருவனைக் கூட்டிக் கொண்டு போனார். அந்தப் பிள்ளை முதல் மாதம் கொண்டு வந்த பணத்தைப் பற்றி ராத்தாவின் காதுக்கு வராத நாளில்லை. "ஓதித் தாண்டு கேட்டா, வந்த ரிஸ்க்க மறிச்சுப் போட்டான்" என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தப் பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு ஏதோ நடந்தது, நான் சொன்னது சரியாகிவிட்டது என்று எழுதப் போகிறேன் என நினைக்காதீர்கள். அல்ஹம்துலில்லாஹ், அவன் நலமாக இருக்கிறான். தொடர்ந்தும் நலமாக இருக்கட்டும். ஒன்றும் நடக்கவில்லை என்பதால் என் தீர்மானத்தை நான் மாற்றவுமில்லை. தன் கையாலேயே தன்னை அழிவில் போட்டுக் கொள்ளக் கூடாது என்ற கட்டளை அல்பகரா அத்தியாயத்தில் இருக்கிறது. அதற்குக் கீழ்ப்படிவது விபத்து நடந்த பிறகு செய்யும் காரியமல்லவே.

ராத்தாவின் மனம் இளகியது என் பயானால் அல்ல. எங்கள் ஊரில் பல வருடங்கள் சங்குக்கும் அட்டைக்கும் இறங்கிய ஒரு காக்கா இருக்கிறார். இப்போது இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். அவரை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஆழத்தில் மூச்சு விடும் போது காற்றிலுள்ள நைதரசன் உடம்பில் கரைந்து நிற்கும், ஆறுதலாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறிவிடும், அவசரமாக வந்தால் சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தது போல உடம்புக்குள்ளேயே நுரைக்கும் என்று மருமகன் தன் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னான். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் வேகமாக ஏறாமல், 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரித்து வர வேண்டும் என்றான். காக்கா கேட்டுக் கொண்டிருந்துவிட்டு, "இதெல்லாம் எங்களுக்கு ஆரும் சொல்லல்ல தம்பி. ஒரு நாளைக்கு அஞ்சு சிலிண்டர் இறங்கினம். மேல வாறதெண்டா வாறதுதான்" என்றார். அன்று இரவு அவருக்குத் தோள்மூட்டில் வலி வந்திருக்கிறது. வேலைக் களைப்பென்று மனைவி எண்ணெய் தேய்த்துச் சுடுநீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறார். காலையில் கால் மரத்திருந்தது. பிறகும் ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் வைத்தியசாலைக்குப் போனார்கள். அந்த மனைவியைக் குறை சொல்ல என்னால் முடியாது. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆகவே சகோதரிகளே, இதைக் கவனமாக வாசியுங்கள். சுழியோடி வந்த அன்றோ மறுநாளோ உங்கள் மகனுக்கு, கணவருக்கு மூட்டுகளில் வலி, கைகால் விறைப்பு அல்லது ஊசி குத்துவது போன்ற உணர்வு, தலைச்சுற்று, தோலில் திட்டுத் திட்டாக நிறமாற்றம், சிறுநீர் போக முடியாமை, வழமைக்கு மாறான களைப்பு என்று ஏதேனும் கண்டால் எண்ணெய் தேய்க்க வேண்டாம், "தூங்கி எழும்பட்டும்" என்று விடவும் வேண்டாம். நேராகப் படுக்க வைத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். "இவர் சுழியோடினார்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஒட்சிசன் கொடுக்க வேண்டியிருக்கும். அமுக்க அறையில் வைத்துச் செய்யும் சிகிச்சை தேவைப்படும், திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அந்த வசதி இருக்கிறது. எவ்வளவு முந்திப் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. வெளிநாடு போகவிருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று: பல தடவை இறங்கியவர் கடைசி இறக்கத்துக்குப் பின் குறைந்தது 18 மணித்தியாலம் விமானம் ஏறக் கூடாது.

காக்கா போன பிறகு ராத்தா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுப் போகச் சொன்னார்.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சிலர் கேட்பீர்கள். என் இளைய மருமகளும் கேட்டாள். சுழியோடும் உடை, சொல்லிக் கொடுப்பவர் யார், யாரோடு போவது என்பவற்றை அந்தந்தக் குடும்பம் ஆலிம்களோடு பேசித் தீர்க்கட்டும். பெண் ஆசிரியைகளும் இத்துறையில் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் நீச்சல் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 இல் நம் கரையில் கடல் ஏறிய போது இறந்தவர்களில் பெண்களும் சிறுவர்களும் எத்தனை பேர் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மறைவான ஓரிடத்தில் பெண்கள் பெண்களுக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பதற்கு நமது ஜமாஅத்துகள் ஏன் இன்னும் ஏற்பாடு செய்யவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

மருமகன் இந்தப் பருவம் முழுவதும் அந்த நிலையத்திலேயே சிலிண்டர் தூக்கினான். சம்பளம் கொஞ்சம்தான். கடைசி மாதத்திலிருந்து, கரையோரத்தில் ஸ்நோர்க்கல் போட்டு நீந்தும் பிரயாணிகளோடு துணைக்கு அனுப்புகிறார்கள், அதற்குத் தனியாகக் கொடுக்கிறார்கள். அந்த வீடு இன்னும் லிண்டல் மட்டத்தில்தான் நிற்கிறது. கொப்பியில் ஆறில் ஐந்து வரிகளை அவனே வெட்டிவிட்டான். மாஸ்க்கை வெட்டிய அன்று எனக்குத் தொலைபேசியில் சொன்னான். திசைகாட்டி மட்டும் மிச்சம். கடல் கலங்கத் தொடங்கிவிட்டதால் அதை வீட்டுக்குப் பின்னாலுள்ள வெறும் வளவில், தலையில் துவாயைப் போட்டுக் கொண்டு, அடி எண்ணி நடந்து பழகுகிறான். நேற்று மாலை வேலியில் போய் முட்டிக் கொண்டானாம். தங்கச்சிமார் சிரிக்கிறார்கள்.